வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது

ஜனவரி 1

இந்த டைரி சுந்தரலிங்கம் மாமா கொடுத்தது. அம்மாவின் தம்பி. சார்பதிவாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வருடா வருடம் டைரி அச்சடித்துக் கோவில்பட்டி முழுக்கக் கொடுக்கிறார். முதல் பக்கத்தில் அவர் படம், அடுத்த பக்கத்தில்தான் முருகன் படம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி வேறு. எல்லாம் அவரே யோசித்தது. சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறேன்.

வீட்டில் இப்போது மூன்று பேர். அம்மா, நான், தம்பி நயினாரின் மனைவி பகவதி. நயினார் கப்பலில் இருக்கிறான், ஏப்ரலில்தான் இறங்குவான். பகவதிக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில், அதாவது என் தலையில். நாற்பத்தாறு வயதில் கல்யாணம் ஆகாமல் கணக்கு டீச்சராக இருப்பவளுக்கு வேறு என்ன வேலை என்பது இந்த வீட்டின் தீர்மானம்.

திங்கட்கிழமை அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கிறதாம், ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். ஐந்தாம் மாதம்தானே எடுத்தோம்? எல்லாம் சரி என்று அப்போது எழுதிக் கொடுத்தார்களே? டாக்டரம்மாவின் அறை மாடியில், ஸ்கேன் அறை கீழே. நடுவில் ஒரு படிக்கட்டு. எனக்குக் கணக்குத் தெரியும்.

அம்மாவிடம் சொன்னபோது, "மார்கழி முடியட்டும், தை பொறந்து வளைகாப்பு நடக்கட்டும். அதுக்கு முன்னால ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அலைஞ்சா நல்லதுக்கா?" என்றாள். அவள் சொன்ன காரணம் மடத்தனம். ஆனாலும் முடிவு ஒன்றாக இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன். பகவதியிடம், "ஸ்கேன் எல்லாம் வியாபாரம், வளைகாப்புக்கு அப்புறம் பார்க்கலாம்" என்று நானே சொன்னேன். அவள் தலையாட்டினாள். அந்தப் பெண்ணுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

ஜனவரி 7

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. அரையாண்டு விடைத்தாள் திருத்தி முடித்தேன். முப்பத்தெட்டில் பதினொரு பேருக்கு முக்கோணத்துக்கு எத்தனை பக்கம் என்பதிலேயே சந்தேகம்.

பகவதி படுக்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்கிறாள். மூன்று தலையணை கேட்கிறாள். கொடுத்தேன். என்னுடையது உட்பட.

ஜனவரி 14

பொங்கல். எதிர்வீட்டுக்காரி வந்து பகவதியின் வயிற்றைப் பார்த்து, "ரெட்டைப் பிள்ளைதான், எழுதி வச்சுக்கோங்க" என்றாள். எழுதி வைக்கிறேன், இப்படியும் ஒரு நிபுணர் எதிரிலேயே குடியிருக்கிறார் என்று.

ஜனவரி 22

வளைகாப்பு. எழுபது பேர். எழுபது பேரும் அந்த வயிற்றைப் புகழ்ந்தார்கள். "எவ்வளவு பெருசு பாரு", "நல்லா சாப்பிடுதா போல", "ஆம்பளப் பிள்ளைதான்". கண்ணாடி வளையலை முழங்கை வரை ஏற்றி, ஏழு வகைச் சோறு வைத்து, அவளைச் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். யாருக்கும் அது தெரியவில்லை, போட்டோக்காரனுக்குத் தவிர. அவன் மட்டும், "அக்கா, ஒரு நிமிசம் ஒக்காந்துக்கோங்க" என்றான்.

சுந்தரலிங்கம் மாமா ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தாய்மை பற்றி.

ஜனவரி 24

அரை நாள் விடுப்பு. ஸ்கேன்.

ஸ்கேன் பார்த்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கலாம் போன்ற முகம். வெகு நேரம் வயிற்றில் கருவியை வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். 'தெரியாவிட்டால் சொல்லிவிடேன் தாயே' என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"இது குழந்தையோட இரைப்பை. கறுப்பா ஒரு குமிழி தெரியுதா? அது இருக்கணும். பக்கத்துல இன்னொரு குமிழி இருக்கு பாருங்க. இது இருக்கக் கூடாது."

வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளை பனிக்குடத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்குமாம். அது குடல் வழியாகப் போக வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இரைப்பை தாண்டியதும் குடல் தொடங்குகிற இடத்திலேயே அடைத்திருக்கிறது. அதனால் இரைப்பை ஒரு குமிழி, அடைப்புக்கு முந்தின வீங்கிய குடல் ஒரு குமிழி. தண்ணீர் கீழே இறங்காமல் வெளியே தேங்குகிறது. அதுதான் அந்தப் பெரிய வயிறு. எழுபது பேர் திருஷ்டி கழித்தது அந்தத் தண்ணீருக்கு.

எதிர்வீட்டுக்காரி சொன்னது சரிதான். இரட்டை. ஆனால் பிள்ளை இல்லை.

அந்தப் பெண் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "டிசம்பர் முப்பதுலயே எழுதியிருக்காங்களே மேடம்?"

பள்ளிக்கூட வேலை என்றேன்.

டிசம்பர் முப்பது முதல் இன்று வரை இருபத்தைந்து நாள். கணக்கு டீச்சர் என்பதால் எண்ணினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 25

அம்மாவிடம் சொன்னேன். "தண்ணி தேங்கிருக்குன்னா பார்லி கஞ்சி குடுத்தா வடிஞ்சிரும்" என்றாள். மருத்துவக் கல்லூரிகளை மூடிவிட்டு எங்கள் வீட்டு அடுப்படிக்கு அனுமதி கொடுத்துவிடலாம்.

ஜனவரி 28

மதுரை. பெரிய ஆஸ்பத்திரி. காலை ஏழு மணி பஸ், டோக்கன் நாற்பத்தொன்று.

குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். சட்டைப் பையில் மை கசிந்திருந்தது. ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் இரைப்பை என்று ஒன்றை வரைந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதைவிட நன்றாகக் கத்தரிக்காய் வரையும். ஆனால் சொன்னதைத் தெளிவாகச் சொன்னார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிள்ளை உள்ளே இருக்கிற வரைக்கும் அதற்கு ஆபத்து இல்லை. சாப்பாடு தொப்புள்கொடி வழியாகப் போய்விடுகிறது. வெளியே வந்த பிறகுதான் பிரச்சினை. பிறந்ததும் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு உள்ளே தேங்குவதை எடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு நாளில் அறுவை சிகிச்சை. அடைப்பைத் தாண்டிக் குடலை இணைத்துவிடுவார்கள். செய்தால் பெரும்பாலும் நன்றாகிவிடும். ஆனால் பிரசவம் அவர் இருக்கிற இடத்தில்தான் நடக்க வேண்டும்.

"முக்கியமா ஒண்ணு. பொறந்த உடனே வாய்க்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. பால், தேன், தண்ணி எதுவும். சேனைங்கிற பேச்சே கூடாது. ஒரு சொட்டுத்தானேன்னு வப்பாங்க. அது கீழ போக வழியில்ல, வாந்தியா வந்து மூச்சுக்குழல்ல ஏறிடும். எங்க வாசல்லயே ஒளிச்சு வச்சுக் குடுத்தவங்க இருக்காங்க."

பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. யாராவது கோணலாக நடந்தால், இவனுக்கு யார் சேனை வைத்தது என்றுதான் கேட்பார்கள். டாக்டருக்கு அது தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியம்.

தண்ணீர் இவ்வளவு தேங்கினால் நாளுக்கு முன்பே வலி வந்துவிடும் என்று ஊசி வழியாக ஒன்றரை லிட்டர் இறக்கினார்கள். அதிலேயே ஒரு குப்பி பரிசோதனைக்கு. இப்படி அடைப்பு இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்குமாம்.

பகவதி அதுவரை வாயே திறக்கவில்லை. அப்போது கேட்டாள். "அப்படி இருந்தா ஆபரேசன் செய்ய மாட்டீங்களா டாக்டர்?"

"செய்வோம்மா."

"அப்ப சரி" என்றாள்.

அவ்வளவுதான். தலையாட்ட மட்டும் தெரிந்தவள் என்று ஜனவரி ஒன்றாம் தேதி எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

பிப்ரவரி 2

சுந்தரலிங்கம் மாமா வந்தார். இரண்டு காபி, ஒரு தட்டு முறுக்கு, ஒரு மணி நேரம் பேச்சு. பிள்ளைக்குச் சேனை வைக்கப் போவது அவர்தானாம். அம்மாவும் அவரும் பேசி முடித்துவிட்டார்கள்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"டாக்டர்மார் அப்படித்தாம்மா சொல்லுவாவ. ஒரு சொட்டு. வெரல் நனையுத அளவு. அது குடலுக்கே போவாது, நாக்குலயே காஞ்சிரும்" என்றார். பத்திரப் பதிவில் இருந்தவருக்குக் குடலின் எல்லைகளெல்லாம் தெரியும் போலிருக்கிறது.

"ஆசுபத்திரிக்காரன் இருவது நாளு பாப்பான். கொணம் ஆயுசுக்கும் வேணும்லா?" என்றாள் அம்மா. "நாலு பேருட்ட நயமாப் பேசுத ஆளு சேனை வைக்கணும். உனக்கு எங்க பெரியத்தை வச்சா, பாத்தியா, ஒரு மாப்பிள்ளையாவது ஒன் வாய்க்கு முன்னால நின்னானா? எதுக்கும் சொல்லுதேன், பிள்ளை பொறந்த அன்னைக்கு நீ கொஞ்சம் தள்ளியே நில்லு."

பகவதி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முறுக்குத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மாமாவின் கை காற்றில் கொஞ்ச நேரம் தேடியது.

பிப்ரவரி 8

பரிசோதனை முடிவு வந்தது. டவுன் சிண்ட்ரோம் இல்லை.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

பிப்ரவரி 13

வயிறு மறுபடி ஏறிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கு இரண்டு ஊசி இங்கேயே போட்டுக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாரம் சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, மதுரைக்கே வந்து தங்கிவிட வேண்டுமாம். "கொஞ்சம் முன்னாடியே தண்ணிய இறக்கியிருந்தா இன்னும் நாள் தள்ளியிருக்கலாம்" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 15

அந்த இருபத்தைந்து நாள்.

பிப்ரவரி 21

காலை ஆறு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. முப்பத்துநான்கு வாரம். மதுரைக்குப் பெட்டி கட்டி வைத்தது நாளைக்கு என்று.

"இந்தா இருக்கு தெருமுக்குல நர்சிங் ஹோம். பெத்துக்கிடட்டும், அப்பறம் பிள்ளையத் தூக்கிட்டு மதுரைக்கு ஓடுவோம்" என்று அம்மா வாசலை மறித்தாள். மதுரை நூறு கிலோமீட்டர். வழியில் பிள்ளை பிறந்துவிட்டால்? அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். நான் டாக்டரைக் கூப்பிட்டேன். "வலி இன்னும் நெருங்கலைன்னா ஆம்புலன்ஸ்ல ஏத்திக் கூட்டிட்டு வாங்க, கூட நர்ஸ் வரட்டும்" என்றார். அம்மாவை ஒரு கையால் நகர்த்திவிட்டு வண்டியில் ஏறினேன்.

சாத்தூர் தாண்டுவதற்குள் என் மணிக்கட்டில் பகவதியின் ஐந்து நகமும் பதிந்துவிட்டன. அவள் கை வளையலில் எட்டு உடைந்தது. கத்தவில்லை. கத்தித் தொலையேன் என்று நான்தான் கத்தினேன்.

பகல் ஒன்று நாற்பது. சிசேரியன். பெண். ஒன்று புள்ளி ஒன்பது கிலோ.

ஆம்பளப் பிள்ளை என்று சொன்ன எழுபது பேருக்கும் என் வாழ்த்துகள்.

பிள்ளையை மூன்றாம் மாடியிலுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். மூக்கில் குழாய், அதில் பச்சையாகப் பித்தம். ஒரு நர்ஸ் வண்டியைத் தள்ள, இன்னொருத்தி குழாயைப் பிடிக்க, நான் கோப்புகளோடு. லிஃப்ட் திறந்தது. உள்ளே அம்மாவும் சுந்தரலிங்கம் மாமாவும் நிற்கிறார்கள். காரில் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். மாமாவின் கையில் வெள்ளிக் கிண்ணம். வேட்டி மடிப்புக் கலையவில்லை. அவசரத்திலும் சர்க்கரையைக் கரைக்க மறக்கவில்லை.

"ஒரு நிமிசம் சிஸ்டர், பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணிக்கிடுதோம்" என்றார். நர்ஸ் பாவம், ஆசீர்வாதம் என்றதும் தயங்கினாள். மாமா விரலை நனைத்துவிட்டார். பெரிய மனிதரின் மோதிர விரல். பிள்ளையின் வாய் அந்த விரல் அகலம்கூட இல்லை. குழாய்க்குப் பக்கத்தில் அது திறந்து திறந்து மூடியது. பசி.

நான் கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே. கிண்ணம் லிஃப்ட் சுவரில் மோதி, சர்க்கரைத் தண்ணீர் மாமாவின் சட்டையிலும் அம்மாவின் புடவையிலும் தெறித்தது. மாமா என்னை ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை அவருடைய பொன்மொழிகளில் வராது.

"நயமாப் பேசுத ஆளு" என்றேன் அம்மாவிடம்.

லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு வரும்வரை செருப்புக்கு அடியில் தரை பிசுபிசுத்தது. பிள்ளை படுக்கும் பெட்டிக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள்: வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. கையெழுத்து படுமோசம். ஆனால் எழுத்துப் பிழை இல்லை.

பிப்ரவரி 22

அறுவை சிகிச்சை. இரண்டு மணி பத்து நிமிடம். டாக்டர் வெளியே வந்து, "இணைச்சாச்சு. மத்த குடல் எல்லாம் நல்லாருக்கு. இனி அது வேலை செய்யணும், நாம காத்திருக்கணும்" என்றார். சட்டையில் இன்றும் மை.

மாமா ஊருக்குப் போய்விட்டார். என் முகத்தில் விழிப்பதில்லையாம். பகவதி பிரசவத்தில் எனக்குக் கிடைத்த முதல் நன்மை.

பிப்ரவரி 24

குழாயில் 34 மி.லி. பச்சை.

பச்சை வெளுத்து, அளவு குறைந்தால்தான் பித்தம் சரியான வழியில் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அப்புறம்தான் பால்.

பிப்ரவரி 25

31. பச்சை. அம்மா என்னோடு பேசுவதில்லை. இட்லி மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள். இன்று ஆறு வைத்திருந்தாள், வழக்கமாக நான்கு.

பிப்ரவரி 26

33. கூடியிருக்கிறது. நர்ஸிடம் அளவை மறுபடி பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். 33தான். எடை நூறு கிராம் குறைவு. குறைமாதப் பிள்ளை, குடலுக்கும் நிதானம் வேண்டும், காத்திருங்கள் என்கிறார்கள். ஆறு வாரம் முன்னால் வராமல் இருந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் இவ்வளவு நாகரிகம் எங்கிருந்து வந்தது?

மாலையில் பகவதி பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னக் குப்பியில் தேதி போட்டுக் குளிர்பெட்டிக்குப் போகும். குடிக்க ஆள் இல்லாத பால். ஒட்டுச்சீட்டில் தேதி எழுதுவது என் வேலை. எழுதிக்கொண்டே சொன்னேன்.

"டிசம்பர்லயே ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. அம்மா மேல பழியப் போட்டுக்கிட்டு இருக்கேன். நான்தான் வேண்டாம்னேன். வியாபாரம்னு சொன்னேன்."

"தெரியும் மைனி. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"அப்ப ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"கேட்டிருப்பேன். அன்னைக்கு ஒங்க தலையணையையும் எடுத்துக் குடுத்துட்டு வெறுந்தரையில படுத்திருந்தீங்க. எப்படிக் கேக்க?" என்றாள். குப்பியை மூடிவிட்டு, "எனக்குக் கோவம் இருக்கு மைனி. இல்லேன்னு சொல்லல" என்றாள்.

இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான். இத்தனை நாளாக ஊரில் உள்ள மடையர்களை எல்லாம் இந்த டைரியில் எழுதினேன், ஒருத்தியை விட்டுவிட்டேன். அவள் பெயர் சண்முகவடிவு, எம்.எஸ்ஸி., பி.எட்.

பிப்ரவரி 27

24.

பிப்ரவரி 28

15. பச்சை வெளுத்திருக்கிறது.

மார்ச் 2

6. தண்ணீர் மாதிரி.

பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு. தலைமையாசிரியர் போன் செய்தார், எப்போது வருவீர்கள் என்று. குழாயில் பூஜ்யம் ஆனதும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவருக்கு எப்போதுமே புரியாது.

மார்ச் 4

குழாயை எடுத்துவிட்டார்கள். சிவப்பு எழுத்து அட்டையையும். ஐந்து மில்லி தாய்ப்பால், பாலாடையில். ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார் நர்ஸ். அம்மா வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

பகவதிதான் போயிருக்க வேண்டும். கையைக் கழுவி, மேலங்கியெல்லாம் போட்டுக்கொண்டு வந்தவள் அதைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"நீங்க போங்க மைனி."

"நீதான்ட்டி பெத்தவ."

"ஆயுசுக்கும் நான்தான் குடுக்கப் போறேன். இது முதல் வாய்."

எனக்குப் புரிந்தது. "நீ கேட்டேல்லா, அம்மா என்ன சொன்னான்னு? என் வாய் வந்துரும். ஒரு மாப்பிள்ளையும் நிக்க மாட்டான்."

"லிப்ட்ல நீங்க நின்னீங்கள்லா" என்றாள்.

மேலங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி என் மடியில் தலையை உயர்த்தி வைத்தார். பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துக் கொஞ்சமாகச் சாய்த்தேன். முதல் சொட்டு நாக்கில் பட்டது. பதினொரு நாள் பட்டினி கிடந்த பிள்ளை, அமிர்தம் மாதிரி குடிக்கும் என்று நினைத்தேன். முகத்தை அஷ்டகோணலாகச் சுளித்து, ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். என் வகுப்பில் முப்பத்தெட்டு பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஐந்து மில்லிக்கு இருபது நிமிடம். வாந்தி இல்லை. இனி கீழே வர வேண்டும்.

மார்ச் 5

காலை ஏழு ஐந்து. மஞ்சள்.

நர்ஸ் வெளியே வந்து சொன்னார். பிள்ளையின் மலத்துக்காக மூன்று பெண்கள் பெஞ்சிலிருந்து ஒரே நேரத்தில் எழுந்ததை இந்த ஆஸ்பத்திரி இதற்குமுன் பார்த்திருக்கும், நான் இதற்குமுன் செய்ததில்லை. டாக்டர் வந்து பார்த்து, "வழி தொறந்துருச்சு. இனி மெதுவாப் பாலைக் கூட்டுவோம்" என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பையிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். அதிலும் மை.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த வேளைப் பால் ஐந்து நிமிடம் பிந்திவிட்டது. பிள்ளை காலை உதைத்து, முகம் சிவந்து, அந்த அறையையே அதட்டியது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் பேசாமல் கிடந்தன. இரண்டு நர்ஸ்கள் ஓடினார்கள்.

"எம்மாடி, என்ன கத்து கத்துதா" என்றாள் அம்மா, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு என் பக்கமாகத் திரும்பி. "யாரு சேனை வச்சதோ."

பகவதி, "மைனிதான்" என்றாள்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நானும் தயாராகத்தான் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் இன்னும் நிற்கவில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப பொழச்சுக்கிடுவா" என்றாள்.